எழுபத்தொரு சதவீதத்தில் நின்ற வேலை

அத்தியாயம் 14

"நாங்க தனியா வீடு பாத்துட்டோம் அத்தை" என்று மருமகள் சொல்லி அன்றோடு எட்டு நாள்.

அந்த எட்டு நாளில் மாமியார் அவளிடம் பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். "அடுப்பை அணைச்சியா?" ஒரு தடவை. "தபால் வந்திருக்கு" ஒரு தடவை. மற்றதெல்லாம் மகன் வழியாகத்தான். லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்கு வேலை இடத்திலும் ஏறி இறங்கும் பிழைப்பு, வீட்டிலும் அதே பிழைப்பு என்று ஆகியிருந்தது.

கூச்சல் எதுவும் இல்லை. அன்றைக்கு மாமியார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "போறதுன்னா போங்க. இந்த வீட்டை யார் பாத்துக்கறது?" அதற்குப் பிறகு அவர் தன் அறைக்குள் போய் லேப்டாப்பைத் திறந்துகொண்டார். எட்டு நாளாக அதுவே அவருக்குப் பேச்சுத் துணை.

இப்போது அந்தப் பேச்சுத் துணைக்கே தொண்டை கட்டிவிட்டது.

காலை ஏழே முக்காலுக்கு மருமகள் துணி உலர்த்திவிட்டுக் கூடத்தைத் தாண்டும்போது அறைக்குள்ளிருந்து மாமியார் கூப்பிட்டார்.

"கொஞ்சம் இங்க வா. இந்தச் சத்தம் உனக்குக் கேக்குதா?"

மருமகள் குனிந்து லேப்டாப்பின் இடது மூலையில் காதை வைத்தாள். டிக், டிக், டிக். சின்ன இடைவெளி. மறுபடி டிக், டிக். நகத்தால் தகரத்தைத் தட்டுவது போல.

"எவ்வளவு நாளா வருது?"

"ரெண்டு நாளா. இன்னிக்கு ஆன் பண்ணவே இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. ஃபைலைத் தொட்டா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு."

"ஹார்டு டிஸ்க் போகப்போகுது அத்தை."

மாமியார் முகம் மாறவில்லை. பதினேழு வருஷமாக நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். எவ்வளவு பெரிய சேதியையும் முகம் மாறாமல் ஒரு மொழியில் வாங்கி இன்னொரு மொழியில் கொடுத்துப் பழகியவர். ஆனால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டு, மறுபடி கழற்றினார்.

"இன்னிக்கு நாலு மணிக்குள்ள ஒரு வாக்குமூலம் போய்ச் சேரணும். அறுபத்திரண்டு பக்கம். முடிச்சுட்டேன். ஒரு தடவை படிச்சுப் பாக்க வேண்டியதுதான் பாக்கி."

"வேற எங்கயாவது காப்பி இருக்கா?"

"பென் டிரைவ்ல இருக்கு. நாப்பதாம் பக்கம் வரைக்கும். அது போன மாசம் போட்டது."

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகன் ஒரு கையில் சாக்ஸோடு எட்டிப் பார்த்தான். "கடையில குடுத்துடலாமேம்மா. போற வழியில நானே குடுத்துடறேன்."

"கோர்ட் காகிதத்தைக் கடையில குடுக்கறதா? சத்தியம் பண்ணிட்டு வாங்கின வேலைடா இது. யாரோ ஒருத்தன் உக்காந்து படிக்கறதுக்கா?"

"அப்ப என்ன பண்றது?"

பதிலாக மருமகள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்து வந்தாள். இரண்டு மாதத்துக்கு முன் அவன் அம்மாவுக்காக வாங்கி வந்த எஸ்.எஸ்.டி. பழைய டிஸ்க்கில் தட்டு சுழலும். இதில் சுழல எதுவும் இல்லை, சத்தமும் இல்லை, வேகம் பல மடங்கு. "ஓடறதை எதுக்கு நிறுத்தணும்?" என்று அப்போது மாமியார் பிரிக்கவே விடவில்லை. பெட்டி அப்படியே இருந்தது.

"நான் மாத்தித் தரேன். எங்க லேப்ல ரெண்டு கம்ப்யூட்டருக்கு நான்தான் மாத்தினேன்."

"உங்க லேப்ல பல்லுதானே செய்யறீங்க?"

"பல்லுக்கு அளவு எடுக்கற ஸ்கேனரும் கம்ப்யூட்டர்லதான் ஓடுது அத்தை."

மாமியார் ஒரு நிமிஷம் யோசித்தார். செயற்கைப் பல் செய்கிற கை. அரை மில்லிமீட்டர் பிசகினால் கடிக்கிறவருக்கு வலிக்கும். அந்தக் கையை நம்பலாம். ஆனால் அந்தக் கைக்கு உரியவளிடம் எட்டு நாளாகப் பேச்சு இல்லை.

"சரி, செய்" என்றார்.

மருமகள் லேபுக்கு போன் போட்டு லீவு சொன்னாள். மகன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இனி வாயைத் திறந்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும் என்று சத்தமில்லாமல் கிளம்பிப் போனான்.

முதலில் வாக்குமூலத்தை மட்டும் பென் டிரைவுக்கு எடுத்துவிடலாம் என்று பார்த்தாள். பச்சைக் கோடு பாதி தூரம் வந்து நின்றது. 'இந்த ஃபைலைப் படிக்க முடியவில்லை' என்று வந்தது. இரண்டாம் தடவையும் அதேதான்.

"இன்னொரு தடவை பாரேன்."

"வேண்டாம் அத்தை. சாகக் கிடக்கறதைத் தட்டித் தட்டி எழுப்பக் கூடாது. மொத்த டிஸ்க்கையும் ஒரே மூச்சுல புதுசுக்கு இறக்கிடலாம். படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போற மாதிரி வச்சுக்கலாம். அதுக்கப்புறம் என்ன மிஞ்சுதுன்னு பாப்போம்."

புது டிஸ்க்கை ஒரு கேபிளில் மாட்டி லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகினாள். எட்டே கால் மணிக்கு நகல் எடுக்க ஆரம்பித்தது. மூன்று சதவீதம். ஐந்து. எட்டு. மாமியார் வாசலுக்கும் அறைக்கும் நடந்தார். பத்து மணிக்கு நாற்பது. பத்தே முக்காலுக்கு எழுபது.

எழுபத்தொன்றில் நின்றது.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். டிக், டிக் என்ற சத்தம் இப்போது வாசல் வரை கேட்டது.

"நின்னுடுச்சா?"

"படிக்க முயற்சி பண்ணுது. பேசாம இருங்க அத்தை, தொடாதீங்க."

இந்த வீட்டில் மாமியாரைப் பேசாமல் இருக்கச் சொன்னவர்கள் இதுவரை யாரும் இல்லை. சொன்ன பிறகுதான் மருமகளுக்கே உறைத்தது. மாமியார் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த வாக்குமூலம் ஒரு அப்பாவோடது" என்றார் திடீரென்று. "பிள்ளையைப் பாத்து மூணு வருஷம் ஆச்சு. நாளைக்குக் காலையில விசாரணை. மொழிபெயர்ப்பு வரலைன்னு ரெண்டு தடவை தள்ளி வச்சாச்சு. அது ரெண்டும் எனக்கு முன்னால இருந்தவர் பண்ணின தாமதம். மூணாவது என்னாலன்னு ஆயிடக் கூடாது."

மருமகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆகாது அத்தை" என்றாள். அதைச் சொல்ல அவளிடம் எந்த ஆதாரமும் இல்லை.

இருபத்திரண்டு நிமிஷம் கழித்து எழுபத்திரண்டு வந்தது. மாமியார் எழுந்து போய் இரண்டு டம்ளரில் டீ போட்டுக் கொண்டு வந்தார். ஒன்றை மருமகள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

பன்னிரண்டு மணிக்கு நகல் முடிந்தது. படிக்க முடியாமல் விட்ட இடங்கள் பதினாறு என்று கணக்குச் சொன்னது.

லேப்டாப்பை அணைத்துக் கவிழ்த்துப் போட்டாள். ஒரு வெள்ளைத் தாளில் அதன் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றுகிற ஒவ்வொரு திருகையும் படத்தில் அந்தந்த இடத்திலேயே வைக்கச் சொல்லி மாமியாரிடம் கொடுத்தாள்.

"எல்லாம் ஒண்ணுதானே? ஒரு கிண்ணத்துல போட்டா ஆகாதா?"

"ஒண்ணு மாதிரி இருக்கும். நடுவுல இருக்கறது குட்டை, ஓரத்துல இருக்கறது நெட்டை. மாத்திப் போட்டா மேல துளைச்சிட்டு வந்துடும்."

பத்துத் திருகு கழன்றது. மூடி வரவில்லை. மருமகள் ரப்பர் கால் ஒன்றை நகத்தால் நெம்பினாள். அதன் அடியில் பதினொன்றாவது ஒளிந்திருந்தது. மூடி கழன்றதும் ஏழு வருஷத் தூசி. முதலில் பேட்டரியின் இணைப்பை எடுத்தாள். பிறகு பழைய டிஸ்க்கை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தாள். உள்ளங்கை அளவு உலோகப் பெட்டி. இன்னும் சூடாக இருந்தது. அதைத் தாங்கியிருந்த தகரச் சட்டத்தைக் கழற்றிப் புதியதற்கு மாட்டி, உள்ளே வைத்து, பேட்டரியை மறுபடி இணைத்து, மூடி, பதினொரு திருகையும் முடுக்கினாள்.

பொத்தானை அழுத்தினாள்.

கறுப்புத் திரை. நடுவில் வெள்ளை எழுத்து. 'டிஸ்க் எதுவும் இல்லை.'

"என்ன சொல்லுது?"

"ஒண்ணுமே இல்லைங்குது."

சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. மணி பன்னிரண்டே முக்கால். மாமியாரின் போன் அடித்தது. கோர்ட் குமாஸ்தா. "வந்துடும் சார். நாலு மணின்னு சொல்லியிருக்கேன் இல்ல? நாலு மணிதான்" என்று சொல்லிக்கொண்டே அவர் வாசலுக்குப் போனார். குரலில் துளி நடுக்கம் இல்லை.

மருமகள் பதினொரு திருகையும் மறுபடி கழற்றினாள். டிஸ்க்கின் இணைப்பு ஒரு நூலிழை வெளியே நின்றிருந்தது. கட்டைவிரலால் அழுத்தினாள். 'க்ளிக்' என்று உட்கார்ந்தது. மூடியை முடுக்காமல் சும்மா வைத்துப் பொத்தானை அழுத்தினாள்.

பதினெட்டு நொடி. காலையில் இருபத்தைந்து நிமிஷம் எடுத்தது, பதினெட்டே நொடியில் வந்து நின்றது.

ஆனால் வாக்குமூலம் திறக்கவில்லை. 'ஃபைல் சேதமடைந்துள்ளது.' தாண்டிப் போன பதினாறு இடங்களில் ஒன்று அதற்குள்தான் இருந்திருக்கிறது.

மாமியார் இன்னும் வாசலில் போனில்தான் இருந்தார். வேலை செய்யும்போதே கம்ப்யூட்டர் தானாகச் சேமித்து வைக்கிற பழைய பிரதி எங்கேயாவது இருக்கும். மருமகள் கடைசி இரண்டு மாத ஃபைல்களைத் தேதி வாரியாக வரிசைப்படுத்தி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஒரு தீர்ப்பு. ஒரு பிறப்புச் சான்றிதழ். பெயரே வைக்காத ஒரு ஃபைல். இதுவாக இருக்குமோ என்று திறந்தாள்.

'ஐயா, தங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியிலுள்ள ஒற்றை அறையை, அது காலியானதும், எனக்கு வாடகைக்குத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அறையில் நான் ஒருத்தி மட்டுமே இருப்பேன். எனக்கு…'

மேலே படிக்காமல் மூடினாள். ஆனால் படித்தது படித்ததுதான். கடிதத்தின் தேதியும் கண்ணில் பட்டிருந்தது. அவர்கள் தனியாகப் போகிறோம் என்று சொல்வதற்கு முப்பது நாள் முந்தைய தேதி.

எட்டு நாளாக முகம் கொடுக்காமல் இருந்தவர், அதற்கு முன்பே புறப்படத் தயாராக இருந்தவரா? பிறகு மணியைப் பார்த்தாள். முதலில் அந்த அப்பாவின் காரியம்.

இன்னும் ஆறு ஃபைல் தள்ளி அந்தப் பிரதி கிடைத்தது. முந்தாநாள் மாலை சேமிக்கப்பட்டது. ஐம்பத்து மூன்று பக்கம்.

உள்ளே வந்த மாமியாரிடம் சொன்னாள். "ஒம்பது பக்கம் போயிடுச்சு அத்தை. மீதி இருக்கு."

மாமியார் மூலப் பிரதிக் கட்டை எடுத்தார். ஐம்பத்து நான்காம் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். "மணி?"

"ஒண்ணே கால்."

"நானே அடிச்சா அஞ்சு மணி ஆகும். நான் சொல்றேன், நீ அடி. தட்டச்சு செஞ்சவர்னு கடைசிப் பக்கத்துல உன் பேரையும் போட்டு நீயும் கையெழுத்துப் போடணும். அதுக்கு விதி இருக்கு. இங்க கேக்கறது இந்த அறையைத் தாண்டக் கூடாது."

"தாண்டாது."

மாமியார் எழுந்து நின்று சொல்ல ஆரம்பித்தார். கண் ஒரு மொழியில் இருந்தது, வாய் இன்னொன்றில். நிறுத்தற்குறி உட்படச் சொன்னார். மருமகள் மூன்று வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறாள். அவர் வேலை செய்து பார்த்தது அன்றைக்குத்தான்.

"'மூன்றாம் சந்திப்பின்போது என் மகன் என் கையைப் பிடிக்கவில்லை, கமா, சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டான், முற்றுப்புள்ளி. பிரியும் நேரத்தில் அவன்…'" நின்றார். "இந்த வார்த்தைக்கு என்ன போட்டேன்னு ஞாபகம் வர மாட்டேங்குது. அழுதான்னு போட்டா கூடிப் போயிடும். தேம்பினான்னா சத்தம் வருது. இது உள்ளுக்குள்ளயே அடக்கிக்கற அழுகை."

"விம்மினான்?"

மாமியார் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "அடி. அதான்."

மூன்று இருபத்தைந்துக்கு முடிந்தது. மொத்தத்தையும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கப் பதினைந்து நிமிஷம். மருமகளின் எழுத்துப்பிழை நாலு. மாமியாரின் பிழை ஒன்று. 'தட்டச்சு' என்ற இடத்தில் மாமியாரே மருமகளின் பெயரை முழுசாக அடித்தார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, கடைசிப் பக்கத்தை ஸ்கேன் செய்து, நீதிமன்ற இணையதளத்தில் ஏற்றினார்கள். மூன்று ஐம்பத்து இரண்டுக்கு 'பெறப்பட்டது' என்று வந்தது.

மாமியார் நாற்காலியில் சாய்ந்தார். "ஆனைக்கும் அடி சறுக்கும்னு சொல்வாங்க. இன்னிக்கு நீ இல்லைன்னா…"

"அத்தை" என்றாள் மருமகள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. "ஃபைல் தேடும்போது தெரியாம ஒண்ணைத் திறந்துட்டேன். மாடி அறை கேட்டு எழுதின கடிதம். மூணு வரி படிச்சுட்டேன். மன்னிச்சிடுங்க."

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூணு வரிதானா?"

"தேதியும் பாத்தேன்."

மாமியார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். "எனக்கு அம்பத்தெட்டு வயசு. பொறந்த வீட்டுல எட்டுப் பேர். இங்க வந்தப்ப ஆறு பேர். தனியா ஒரு நாள் இருந்ததில்லை. அந்த அறையில ஒரு ஜன்னல், ஒரு மேஜை. கோர்ட்டுக்கு நடந்தே போயிடலாம். நீங்க ரெண்டு பேரும் இங்க இருக்கீங்க, வீட்டைப் பத்திக் கவலை இல்லைன்னு நெனச்சுக் கேட்டு வச்சேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு நாள் பாத்துக்கிட்டிருந்தேன். அதுக்குள்ள நீ வந்து நாங்க போறோம்னுட்டே."

"அதனாலதான் பேசலையா?"

"பின்ன? நீங்க போயிட்டா நான் எப்படிப் போறது? உங்க மாமா பாத்துப் பாத்துக் கட்டின வீடு. பூட்டிப் போட்டா பாழாப் போயிடாதா?"

மருமகளுக்கு முதலில் கண் கலங்கியது. பிறகு, ஏனென்றே தெரியாமல், சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"சிரிக்கிறியா?"

"இல்ல அத்தை. நான் ஏன் போகணும்னேன் தெரியுமா? அந்தக் கூடத்துச் சுவர்ல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் மாமா வச்ச இடம், மாமா வச்ச இடம்னு நாங்க எதையும் தொடறதே இல்லை. உங்களுக்கு மனசு கஷ்டப்படும்னு நாங்களே நெனச்சுக்கிட்டோம்."

"எனக்கா? முப்பத்தொரு வருஷமா அவர் கூடத்துல வச்ச அந்த அலமாரி என் முழங்கையில இடிக்குது. அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு. நகர்த்தினா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமோன்னு நானும் விட்டுட்டேன்."

இப்போது இரண்டு பேரும் சிரித்தார்கள். மாமியார்தான் முதலில் நிறுத்தினார், காரியத்துக்கு வந்தார்.

"சரி. அறை காலியாயிடுச்சாம், அறைக்காரருக்கு நாளான்னிக்குள்ள பதில் சொல்லணும். என்ன செய்யலாம்?"

"எங்க லேப்ல ஒருத்தர் வீடு தேடறார். நாலு குழந்தைங்க. இங்க குடி வச்சா வீடு பூட்டிக் கிடக்காது. ஆனா சுவர் பூராக் கிறுக்குவாங்க."

"கிறுக்கட்டும்" என்றார் மாமியார். "நீங்க உங்க வீட்டுக்குப் போங்க. நான் என் அறைக்குப் போறேன். ஞாயித்துக்கிழமை நீ வா. இல்லைன்னா நான் வரேன். வரும்போது போன் பண்ணிட்டு வரணும், சொல்லிட்டேன்."

"உங்க பையன்கிட்ட?"

"நான் சொல்லிக்கறேன். அம்மா தனியாப் போறான்னா அவன் லேசுல ஒத்துக்க மாட்டான். அவனை உக்கார வச்சு, சாப்பாடு போட்டு, அப்புறம் சொல்லணும்."

மருமகள் லேப்டாப்பைக் கவிழ்த்து, முடுக்காமல் விட்டிருந்த திருகுகளைப் போட ஆரம்பித்தாள். மாமியார் தாளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

நாலரை மணிக்கு வாசல் கதவு திறந்தது. மகன் உள்ளே வரும்போதே முகம் மலர்ந்திருந்தது. அம்மாவும் மனைவியும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் இன்னும் மலர்ந்தது.

"பேசிக்கிட்டீங்களா? அப்பாடா! நானும் ஒரு நல்ல சேதியோடதான் வந்திருக்கேன்." கருவிப் பையைக் கீழே வைத்தான். "எட்டு நாளா எனக்குத் தூக்கமே இல்லை. இன்னிக்கு மத்தியானம் நேரா அந்த வீட்டுக்காரர்கிட்ட போனேன். சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டேன். வெளியில ஒரு குடும்பம் காத்துக்கிட்டிருந்தது, அவங்களுக்கே கொடுத்துட்டார். அம்மா, இனிமே நீ கவலைப்படாதே. யாரும் எங்கயும் போகலை. மூணு பேரும் கடைசி வரைக்கும் இங்கேயேதான்!"

மருமகளின் கையில் திருகு முடுக்கி அப்படியே நின்றது.

அவன் இரண்டு முகங்களையும் பார்த்தான். சந்தோஷத்தைத் தேடினான்.

"என்ன ஆச்சு? கம்ப்யூட்டர் போயிடுச்சா?"

"அது நல்லாத்தான் இருக்கு" என்றாள் மனைவி.

மாமியார் எழுந்து, மகனுக்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, கோர்ட்டில் பேசும் அதே குரலில் கேட்டார்:

"முதல்ல நான் சொல்றதா, நீ சொல்றியா?"